தனியே பேச இடமில்லாத பிள்ளைகள்

2023 மார்ச் 13-ஆம் தேதி நடந்த பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்குத் தமிழ்நாடு முழுவதும் 50,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் வரவில்லை. தாய்மொழித் தேர்வுக்கே இத்தனை பேர் வரவில்லையா என்ற அதிர்ச்சியோடு தொடங்கிய விவாதம் பல நாட்கள் நீடித்தது. கற்றல் இடைவெளி என்றார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். நெடுநாளாகப் பள்ளிக்கே வராதவர்களின் பெயர்களும் பட்டியலில் இருந்தன என்று விளக்கம் தரப்பட்டது. இவை எல்லாமே உண்மைதான். ஆனால் அந்த ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பில் தஞ்சாவூர் அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பித்தவள் என்ற முறையில், இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அவர்களுடைய மனத்துக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் கேட்காமல் போனது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் கடந்துவந்த காலத்தை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவர்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தார்கள். ஆண்டுத் தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெற்றார்கள். ஜூலையில் முகக்கவசத்தோடு வரிசையில் நின்று பத்தாம் வகுப்புப் பாடநூல்களை வாங்கிப் போனவர்கள், 2021 ஜனவரி 19-ஆம் தேதிதான் வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 25 அன்று, பத்தாம் வகுப்பிலும் அனைவரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. மார்ச் மாதம் எங்கள் மாவட்டப் பள்ளிகளிலேயே தொற்று பரவி, மாணவிகள் பலருக்கு நோய் உறுதியாகி, 22-ஆம் தேதி முதல் மீண்டும் பள்ளி மூடப்பட்டது. பதினொன்றாம் வகுப்புக்கு அவர்கள் நேரில் வந்தது செப்டம்பர் 1 அன்று. 2022 ஜனவரியில் மறுபடியும் மூடல், பிப்ரவரியில் திறப்பு, மே மாதம் அவர்கள் வாழ்க்கையின் முதல் பொதுத்தேர்வு. மனநலக் குறைபாடுகளில் பாதி பதினான்கு வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியாக அந்தப் பதினான்கு, பதினைந்து வயதில்தான் இந்தப் பிள்ளைகள் வெளியாட்கள் யாருடைய கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் இருந்தார்கள்.

காவிரி டெல்டா என்றவுடன் வெளியூர்க்காரர்களுக்கு வயலும் வாய்க்காலும்தான் நினைவுக்கு வரும். 2020 ஜூன் 12 அன்று எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு குறித்த நாளில் மேட்டூர் அணை திறக்கப்பட்டு, குறுவை செழித்ததால், கொரோனா காலத்திலும் டெல்டா தப்பித்துக்கொண்டது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டில் நிலம் கிடையாது. அலங்கத்துத் தெருக்களிலும், கீழவாசல் சந்துகளிலும், கரந்தையின் ஓரங்களிலும் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்கள் அவை. அப்பா சுமை தூக்குவார், ஆட்டோ ஓட்டுவார், மண்டபங்களில் சமையலுக்குப் போவார். அம்மா பூக் கட்டுவார் அல்லது நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்ப்பார். நகரம் இயங்கினால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும். 2020 பிப்ரவரி 5 அன்று பெரிய கோயில் குடமுழுக்கின்போது, ஊர் கொள்ளாத கூட்டத்தில் பூவும் பொம்மையும் தண்ணீர் பாட்டிலும் விற்றுக் கையில் நாலு காசு பார்த்த குடும்பங்கள், அடுத்த மாதமே கோயில் கதவு சாத்தப்பட்டதும் செய்வதறியாமல் நின்றன. ரேஷன் அரிசியும் ஆயிரம் ரூபாயும் வந்தன. பசியை ஓரளவு அவை தடுத்தன. வாடகையையும் கடனையும் அவற்றால் தடுக்க முடியவில்லை.

கடன் என்று சொல்லும்போது ஒன்றை விளக்கமாகச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் குழுக் கடன் வாங்காத தாய்மார்கள் அரிது. தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்டு முடியும் வரை வாய்ப்புத் தந்திருந்தபோதும், வசூல் செய்ய வருகிறவர்கள் பல தெருக்களுக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் வரும் நேரம் தெரிந்ததும் அம்மா பின்பக்கமாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். வாசலில் நின்று, "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்வது வீட்டின் மூத்த பெண்ணுடைய வேலை. "நீ படிக்கிற பொண்ணுதானே, பொய் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்ட நாளிலிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்று ஒரு மாணவி என்னிடம் சொன்னாள். தூங்கும்போது கேட்டாலும் விழித்துக்கொள்வாளாம். அவள் அதை நோய் என்று நினைக்கவில்லை, பயந்த சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மதுக்கடைகள் மூடியிருந்த வாரங்களில் வீடு அமைதியாக இருந்ததாகப் பல பிள்ளைகள் சொன்னார்கள். 2020 மே 7-ஆம் தேதி கடைகள் திறக்கப்பட்டு, மறுநாளே நீதிமன்றத் தடையால் மூடப்பட்டு, 16-ஆம் தேதி மீண்டும் திறக்கப்பட்டன. அந்தத் தேதிகளைச் செய்தியாகப் படித்தவர்களுக்கு அது நிர்வாகச் சிக்கல். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், வேலையில்லாத அப்பாவோடு பகலும் இரவும் அடைந்து கிடந்த பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது வேறு. முன்பெல்லாம் சண்டை தொடங்கினால், "டியூஷன் போறேன்", "நோட்டு வாங்கப் போறேன்" என்று ஏதாவது சொல்லிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஊரடங்கில் அந்த வழியும் அடைபட்டது.

இதனால்தான், பள்ளி மூடப்பட்டதை வெறும் பாட இழப்பாகக் கணக்கிடுவது எனக்குப் போதவில்லை. ஓர் ஏழைக் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்கு, வீட்டார் காதில் விழாமல் தன் தோழியிடம் பேச இருந்த ஒரே இடம் பள்ளி. முகம் வாடியிருந்தால் "என்ன ஆச்சு?" என்று கேட்கக்கூடிய, குடும்பத்துக்கு வெளியே உள்ள பெரியவர்கள் இருந்த ஒரே இடமும் அதுதான். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. சில வீடுகளில் பார்க்கவும் செய்தார்கள். தொலைக்காட்சி யாரையும் பார்த்து "ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்காது.

கைப்பேசியில் கேட்கலாமே என்று தோன்றும். நானும் என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கு அழைத்துப் பேசிக்கொண்டுதான் இருந்தேன். பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒரே ஒரு பேசி, அது அப்பாவுடையது. அவர் வெளியே போனால் பேசியும் போய்விடும். அவர் வீட்டில் இருந்தால் அவர் எதிரில்தான் பேச வேண்டும். பூக் கட்டும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, வகுப்பில் ஓயாமல் பேசுகிறவள், நான் என்ன கேட்டாலும் "ம்", "இல்ல டீச்சர்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பின்னணியில் இருமல் சத்தமும், "யாரு, ஸ்கூல்லயா?" என்ற குரலும் கேட்டன. அதன் பிறகு, "ம்" என்ற ஒரு சொல்லாலேயே பதில் சொல்லக்கூடிய கேள்விகளை மட்டும் கேட்கத் தொடங்கினேன். பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா? ராத்திரி தூக்கம் வருகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? காரணமில்லாமல் அழுகை வருகிறதா? வீட்டில் யாராவது அடிக்கிறார்களா? அவளுடைய "ம்" ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தயங்கி வந்தது என்பதைக் கவனித்துத்தான் அவள் நிலைமையை ஓரளவு தெரிந்துகொண்டேன். சில நாட்கள் கழித்து, விடியற்காலையில், தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த இடத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் பேசியில் அவளே அழைத்தாள். குடம் நிரம்பும் வரைதான் பேச முடியும் என்று சொல்லிவிட்டு, மூச்சுவிடாமல் பேசினாள். "செத்துப் போயிடலாம்போல இருக்கு டீச்சர்" என்பதையும் அந்த அவசரத்திலேயே சொன்னாள். அன்று மாலையே அவள் தெருவுக்குப் போனேன். அங்கன்வாடி ஊழியர் ஒருவரும் உடன் வந்தார். அவள் அம்மாவைத் தனியே அழைத்துப் பேசி, மறுநாள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். தொடர்ந்து சென்றுவந்ததில் சில மாதங்களில் நன்றாகவே தேறினாள்.

அப்படி வாய்விட்டுச் சொன்னவர்கள் மிகச் சிலர்தான். மற்றவர்களுடைய துயரம் உடம்பில்தான் தெரிந்தது. பெண்பிள்ளைகளுக்கு வயிற்றுவலி, தலைவலி, மாதவிலக்குக் கோளாறு, கை கால் மரத்துப்போதல். வயிற்றுவலி என்று ஒரு மாணவியை ஸ்கேன் வரை எடுத்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல, கேஸ்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லை என்று மருத்துவரே சொன்ன பிறகு அந்தப் பெண் வலிக்கிறது என்றால் வீட்டில் அதற்குப் பெயர் நடிப்பு. அடுத்து, காற்றுக் கருப்பு அடித்திருக்கும் என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அதற்காக நான் அந்தத் தாயைக் குறை சொல்லமாட்டேன்; தன் பெண்ணுக்கு ஏதோ சரியில்லை என்பதை அவர் ஒருவராவது நம்பினார். பள்ளி திறந்து, தோழிகளோடு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிய பிறகு அந்த வலி மெல்லக் குறைந்ததை நானே பார்த்தேன்.

பையன்களிடம் அது வேறு வடிவில் வந்தது. சுள்ளென்று எரிந்து விழுவது, பகலெல்லாம் சுருண்டு படுத்துக்கிடப்பது, ராத்திரி முழுக்கப் பேசியில் விளையாடுவது, யாரிடமும் முகம் கொடுக்காமல் இருப்பது. வீட்டில் இதற்கு வைத்த பெயர்கள் திமிர், சோம்பேறித்தனம், போன் பைத்தியம். இன்னொரு வகைப் பையன்கள் இருந்தார்கள். அவர்களை எல்லாரும் பாராட்டினார்கள். அப்பாவுக்கு வேலை போனதும் மூன்று சக்கர வண்டியில் காய்கறி விற்கப் போனவர்கள், திருமணங்கள் மீண்டும் நடக்கத் தொடங்கியதும் கேட்டரிங் ஆட்களோடு பந்தி பரிமாறப் போனவர்கள். "பொறுப்பான புள்ள" என்று ஊர் மெச்சியது. பொறுப்புத்தான், மறுக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு இலை போடத் தொடங்கி, நடுப்பகலில் அண்டா கழுவி முடித்துக் கூலியை அப்படியே அம்மாவிடம் கொடுக்கும் பையன், தன் வயதுக்குரிய எந்த அச்சத்தையும் வெளியே காட்டக்கூடாது என்று தானே முடிவு செய்துகொள்கிறான். அவனுக்கு அழுகை வந்தாலும் அதற்கு வீட்டில் இடமில்லை. பிள்ளைகளில் யார் நன்றாக இருக்கிறார்கள் என்று கேட்டால் நாம் முதலில் கைகாட்டுவது அவனைத்தான். அவனைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

அவர்கள் திரும்பி வந்தபோது இன்னொரு காயமும் காத்திருந்தது. தேர்வில்லாமல் தேர்ச்சி பெற்றதைச் சொந்தக்காரர்கள் முதல் கடைக்காரர் வரை கேலி பேசினார்கள். "கொரோனா பாஸ்தானே" என்று வேலை கேட்கப் போன இடத்திலும் சொல்லியிருக்கிறார்கள். தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதை அந்தப் பிள்ளைகளே முழுமையாக நம்பிவிட்டார்கள். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கும்போதே கண் கலங்கியது. விடைத்தாளைக் கொடுத்தால் முதல் பக்கத்தைத் திருப்பாமலே உட்கார்ந்திருந்தார்கள். 2022 மே மாதப் பொதுத்தேர்வில் தவறியவர்களில் சிலர், தவறியது தெரிந்த மறுவாரமே திருப்பூருக்கும் சென்னைக்கும் பேருந்து ஏறிவிட்டார்கள். தேர்வறைக்கு மீண்டும் வருவதற்கு அறிவு மட்டும் போதாது, தன்மேல் கொஞ்சம் நம்பிக்கையும் வேண்டும். அந்த நம்பிக்கைக்கு நாம் துணைப்பாடம் எதுவும் நடத்தவில்லை.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு முடிவு வைத்திருந்தார்கள். "சும்மாதானே இருக்கா, ஐம்பது பேரோட செலவில்லாம முடிச்சிடலாம்" என்ற கணக்கில் நடந்த திருமணங்கள் பல. பதினெட்டு வயது நிறையாத பெண்ணின் திருமணம் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது தெரிந்தே நடத்தினார்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் போய் நின்றவையும் உண்டு. மயிலாடுதுறைக்குப் பக்கத்து மூவலூரைச் சேர்ந்த இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம், 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப்பெண் திட்டமாகி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருவதாக மாறியது. பெண்ணுரிமைக்காக வாழ்நாள் முழுவதும் போராடிய அவருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை இருக்க முடியாது. கொரோனாவுக்கு முன்பே இது வந்திருந்தால் என் வகுப்பில் ஒன்றிரண்டு கல்யாணங்களாவது தள்ளிப்போயிருக்கும் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

பெருந்தொற்று வருவதற்கு முன்பே, 2015-16 தேசிய மனநல ஆய்வு, பதின்மூன்று முதல் பதினேழு வயதுக்குட்பட்டோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் குறைபாடு இருப்பதாகச் சொன்னது. நாற்பது பேர் வகுப்பென்றால் ஏறக்குறைய மூன்று பேர். கொரோனாவின் முதல் ஆண்டில் உலகெங்கும் பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு கூடின, இளைஞர்களும் பெண்களுமே அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பின்னர் கணக்கிட்டது. யூனிசெஃப் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், மனச்சிக்கலுக்கு மற்றவர் உதவியைத் தேடுவது நல்லது என்று கருதிய இந்திய இளையோர் 41 விழுக்காடு மட்டுமே. கேட்கப்பட்ட 21 நாடுகளின் சராசரி 83. நம் பிள்ளைகள் கேட்கத் தயங்குகிறவர்கள் என்றால், பெரியவர்கள் போய்க் கேட்க வேண்டும் என்பதுதான் அதற்குப் பொருள்.

அரசு சும்மா இருந்தது என்று சொல்லமாட்டேன். மருத்துவ ஆலோசனைக்கான தொலைபேசி எண் 104 இருந்தது, பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417 இருந்தது, மாணவர்களுக்கென்று மத்திய அரசின் மனநல ஆலோசனைத் திட்டமான மனோதர்பண் 2020 ஜூலையில் வந்தது, 2022 அக்டோபர் முதல் 14416 எண்ணில் டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை தமிழிலும் கிடைக்கிறது. இவை உயிர்களைக் காப்பவை. இதைப் படிக்கும் யாருக்கேனும் தேவைப்பட்டால் தயங்காமல் அழையுங்கள். ஆனால் இந்த எண்கள் எல்லாமே, அழைப்பவருக்குச் சொந்தமாக ஒரு பேசியும், தாழிட்டுக்கொண்டு பேச ஓர் அறையும் உண்டு என்ற எதிர்பார்ப்பில் அமைந்தவை. அகழிக்கரையில் ஆறு பேர் படுத்துறங்கும் வீட்டில் இரண்டுமே இல்லை. குழாயடியில் குடம் நிரம்பும் நேரத்துக்குள் எந்த ஆலோசகரும் ஒரு பிள்ளையின் மனத்தைக் கேட்டு முடிக்க முடியாது.

நேரில் போய்க் கேட்கும் வழி டெல்டாவுக்குப் புதிதல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுனாமிக்குப் பின் பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தினர் வந்து, உள்ளூர் ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி தந்து, மனநல உதவியைக் குடியிருப்புகளுக்கே கொண்டுபோனார்கள். பிள்ளைகளை வரையவைத்து, விளையாடவைத்து, மெதுவாகப் பேசவைத்தார்கள். அப்போது இறப்பும் இடிபாடும் கண்ணெதிரே கிடந்தன, ஆகையால் பிள்ளைகள் அழுதால் எல்லாருக்கும் காரணம் புரிந்தது. கொரோனாவில் பெரும்பாலான வீடுகளில் யாரும் இறக்கவில்லை. "நம்ம வீட்ல ஒண்ணும் ஆகலையே, இவனுக்கு என்ன வந்துச்சு?" என்றுதான் கேட்டார்கள்.

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, பாடம் சொல்லித்தரத் தெருவுக்கே தன்னார்வலர்களை அனுப்பியது. மிக நல்ல திட்டம். சிறு பிள்ளைகளின் முகத்தில் அது கொண்டுவந்த மகிழ்ச்சியைப் பார்த்திருக்கிறேன். அது எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு, வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிற ஆள் என்று யாரும் இருக்கவில்லை.

எங்கள் பள்ளியில் இப்போது ஆய்வகத்தை ஒட்டிய பழைய பொருளறையைச் சுத்தம் செய்து, இரண்டு நாற்காலிகள் போட்டு வைத்திருக்கிறோம். மதிய இடைவேளையிலும் மாலையிலும் பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர் அங்கே இருப்பார். அறிவியல் சந்தேகம் கேட்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம், ஏனென்றால் எதற்காகப் போகிறார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் முக்கியம். ஆனால் பள்ளியை விட்டுப் போனவர்களுக்கும், இப்போது இருபது வயதைத் தாண்டிவிட்ட அந்த வகுப்பினருக்கும் இந்த அறை பயன்படாது. அவர்கள் வேலை முடிந்து வரும் மாலை நேரத்தில், ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஓர் ஆலோசகர் தனியறையில் இருக்க வேண்டும். காய்ச்சலுக்குச் சீட்டு வாங்கும் அதே வரிசையில் நின்றே அவரைப் பார்க்க வழி இருக்க வேண்டும். இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக நிறைவேற்றி, மாநகராட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் அனுப்பியிருக்கிறோம். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகை ஆசிரியர்களும் தங்கள் குழுவில் இதை வைக்கலாம். தீர்மானத்தின் நகல் வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்பித் தருகிறேன்.